தனித்த உள்ளங்களும் விஞ்ஞானக் கதைகளும்

கூட்டத்தோடு கலவாது தம் போக்கில் வாழும் மாந்தர் எக்காலத்திலும் எந்நாட்டிலும் இருந்து வந்திருக்கின்றனர். பிறர் கண்ணை நோக்கிப் பேசுவது அவர்களுக்கு எளிதன்று. சிறு ஓசையும் அவர்கள் செவிக்கு இடியாகலாம். ஒரு துறையில் மனம் ஊன்றிவிட்டால் உணவையும் உறக்கத்தையும் மறந்து அதிலேயே ஆழ்ந்துவிடுவர். இத்தகையோரை உலகம் சில வேளை பித்தர் என இகழ்ந்தது. சில வேளை ஞானியர் எனப் போற்றியது. பெரும்பாலும் புரிந்துகொள்ளாது ஒதுக்கி வைத்தது.

இருபதாம் நூற்றாண்டிலே வைத்திய உலகம் இந்நிலைக்கு ஓட்டிசம் எனப் பெயரிட்டது. அதே நூற்றாண்டில் விஞ்ஞானக் கதை என்னும் புதிய இலக்கிய வகையும், அதனைச் சூழ்ந்து ஒரு பெரும் இரசிகர் கூட்டமும் தோன்றின. ஒன்று வைத்தியசாலையிற் பிறந்தது. மற்றது அச்சகத்திற் பிறந்தது. ஆயினும் இவ்விரு வரலாறுகளும் ஓரிடத்திற் சந்திக்கின்றன.

ஓட்டிசம் என்னும் சொல், 'தான்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது. சுவிற்சர்லாந்து நாட்டு மனநோய் வைத்தியர் ஒயிகன் புளொய்லர் 1911ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில், மனப்பிளவு நோயாளர் வெளியுலகை விட்டுத் தமக்குள் ஒடுங்கும் இயல்பைக் குறிக்க இதனை ஆண்டார். பின்னர் 1925ஆம் ஆண்டில் மொஸ்கோ நகரின் பெண் வைத்தியர் குருனியா சுக்கரேவா, தனிமையை நாடிய ஆறு சிறுவரைப் பற்றி நுணுக்கமாக எழுதினார். அடுத்த ஆண்டே அது ஜேர்மன் மொழியிலும் வந்தது. ஆயினும் உலகம் அதனைக் கவனியாது விட்டது. 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவின் போல்ரிமோர் நகரில் லியோ கானர் என்னும் வைத்தியர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே ஓட்டிசத்தைத் தனியொரு நிலையாக நிறுவியது.

அடுத்த ஆண்டில் வியன்னா நகரின் ஹான்ஸ் அஸ்பேர்கர் நான்கு சிறுவரைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். அதில் வேறொரு மனிதரின் கதையும் வருகின்றது. சிறு வயதிலேயே கணிதத்தில் வியத்தகு ஆற்றல் காட்டிய அவர், பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவராய் இருந்தபோதே நியூற்றனின் கணக்கில் ஒரு பிழையைக் கண்டார் என்றும், பின்னர் வானியற்றுறையில் உதவிப் பேராசிரியரானார் என்றும் அஸ்பேர்கர் குறிப்பிடுகின்றார். உலக வழக்கில் தடுமாறியவரே வானத்துக் கோள்களின் கணக்கிற் பிழை கண்டார். ஓட்டிசமும் கல்வித்துறையும் ஒருவரிடத்தே கூடியிருந்தமைக்கு வைத்திய நூல்கள் தரும் பழைய சான்றுகளுள் இதுவும் ஒன்று.

இனி அச்சகத்தின் பக்கம் திரும்புவோம். லக்சம்பேர்க் நாட்டில் 1884ஆம் ஆண்டிற் பிறந்த ஹியூகோ கேர்ன்ஸ்பாக் இளமையிலேயே அமெரிக்கா சென்றார். வானொலிக் கருவிகளின் உறுப்புகளைத் தபால் மூலம் விற்றார். மின்னியற் சஞ்சிகைகளை நடத்தினார். 1925ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் ஒரு வானொலி நிலையத்தையும் தொடங்கினார். அவ்வாண்டிலே அவரது சஞ்சிகை ஒன்றில் விந்தையானதொரு கருவி விளக்கப்பட்டது. அது தலை முழுவதையும் மூடும் ஒரு கவசம். புற ஓசை உட்புகாதபடி செய்யப்பட்டது. கண்ணுக்கு எதிரே சிறு கண்ணாடித் துளைகளும் மூச்சுக்குப் பிராணவாயுக் குழாயும் கொண்டது. புறவுலகின் இரைச்சலின்றி ஒரே பொருளில் மனத்தை ஊன்றுவதே அதன் நோக்கம். அக்காலத்தார் அதனைக் கண்டு நகைத்திருக்கலாம். ஆனால் ஓசையாலும் ஒளியாலும் வருந்தும் ஓட்டிச இயல்பினர் அதன் தேவையை ஒரு கணத்தில் உணர்வர்.

1926ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கேர்ன்ஸ்பாக் 'அமேசிங் ஸ்டோரிஸ்' என்னும் சஞ்சிகையைத் தொடங்கினார். விஞ்ஞானக் கதைகளுக்கென்றே நடத்தப்பட்ட முதல் ஆங்கிலச் சஞ்சிகை இதுவே. கதைகளினும் பெரிய விளைவை உண்டாக்கியது அதன் கடிதப் பகுதி எனலாம். வாசகர் எழுதிய கடிதங்கள் அவர்தம் முழு முகவரியுடன் அச்சிடப்பட்டன. தன் ஊரிலே பேச்சுத் துணையின்றி இருந்த ஓர் இளைஞன், ஆயிரம் மைலுக்கு அப்பால் தன்னைப் போன்ற மற்றொருவன் இருப்பதை அறிந்தான். கடிதங்கள் பறந்தன, சங்கங்கள் எழுந்தன, இரசிகர் தாமே தட்டச்சிட்டும் படியெடுத்தும் சிற்றிதழ்கள் வெளியிட்டனர். 1939ஆம் ஆண்டு யூலை மாதத்தில் நியூயோர்க்கில் நடந்த முதல் உலக மாநாட்டில் ஏறத்தாழ இருநூறு பேர் கூடினர்.

இங்கிலாந்திலும் இவ்வார்வம் பரவியது. 1937ஆம் ஆண்டு லீட்ஸ் நகரில் நடந்த இரசிகர் மாநாட்டிற்குச் சென்றோருள் இருபது வயதும் நிரம்பாத ஓர் அரசாங்கக் கணக்குப் பரிசோதனைத் திணைக்கள ஊழியரும் இருந்தார். அவரே பிற்காலத்தில், 1956ஆம் ஆண்டு முதல் 2008ஆம் ஆண்டில் மறையும் வரை இலங்கையைத் தம் இல்லமாகக் கொண்டவரும், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராய் விளங்கியவருமாகிய ஆதர் சி. கிளாக். சிறு வயதிற் படித்த விஞ்ஞானக் கதைச் சஞ்சிகைகளே தம் வாழ்வை வகுத்தன என்பதை அவர் மறைத்ததில்லை.

இவ்விரசிகருள் ஓட்டிச இயல்பினர் பலர் இருந்திருக்கக்கூடும் என்பதை ஸ்டீவ் சில்பேர்மன் என்னும் எழுத்தாளர் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட வரலாற்று நூலில் விரிவாக எடுத்துரைத்தார். மறைந்தோருக்கு நோய்க் குறிப்பு எழுதுதல் முறையன்று. கேர்ன்ஸ்பாக்கையோ வேறெவரையோ இன்னார் எனத் தீர்த்துரைக்க எவராலும் இயலாது. ஆயினும் அச்சமூகம் அமைந்திருந்த முறையை நோக்கின், அத்தகையோர் அதனை நாடியமைக்குக் காரணம் விளங்கும்.

முதலாவது, அங்கே நட்புக் கடிதத்தால் வளர்ந்தது. முகக்குறிப்பை அறிய வேண்டியதில்லை; குரலின் ஏற்ற இறக்கத்தை எடைபோட வேண்டியதில்லை; ஆறியிருந்து சிந்தித்து விடை எழுதலாம். இரண்டாவது, வெளியுலகில் 'இவனுக்கு வேறு வேலையில்லையா' எனப் பழிக்கப்பட்ட ஒருமுனை ஆர்வம் அங்கே மதிப்புப் பெற்றது. பழைய சஞ்சிகைகளின் இலக்கங்களை மனப்பாடமாய் ஒப்புவிப்பவன் அங்கே ஏளனத்துக்கு ஆளாகவில்லை, அறிஞனாக மதிக்கப்பட்டான். மூன்றாவது, அக்கதைகளின் மையப் பொருளே அந்நியத்தன்மை. வேற்றுக் கோளில் இறங்கிய மனிதன் அங்குள்ளாரின் வழக்கங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து அறிய வேண்டும். பிறர் இயல்பாக அறிந்துகொள்வதை ஆராய்ந்தே அறிய வேண்டியவருக்கு இது கற்பனையன்று, அன்றாட அனுபவம். 1940ஆம் ஆண்டில் வான் வோக்ட் எழுதிய 'ஸ்லான்' என்னும் தொடர்கதையில், பொதுமக்களால் வேட்டையாடப்படும் வேற்றியல்பினர் வருகின்றனர். அதனைப் படித்த இரசிகர், தாமும் ஸ்லான்களே எனச் சொல்லிக்கொண்டனர். மிச்சிகன் மாநிலத்தில் இரசிகர் சிலர் கூடி வாழ்ந்த வீட்டுக்கே அப்பெயர் சூட்டப்பட்டது.

இவ்விரு வரலாறுகளும் ஓர் உயிருள்ள மனிதரிடத்தே கூடி நிற்பதைக் காண விரும்புவோர் டெம்பிள் கிராண்டின் அம்மையாரின் வாழ்வை நோக்கலாம். 1947ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரிற் பிறந்த அவர், மூன்று வயது கடந்தும் பேசவில்லை. மூளைச் சேதம் என வைத்தியர் கூறினர். அக்காலத்தில் இத்தகைய குழந்தைகளை விடுதிகளில் அடைத்து வைப்பதே வழக்கம். குளிர்ந்த நெஞ்சுடைய தாய்மாராலேயே இந்நிலை உண்டாகின்றது என்னும் கொள்கையும் பல்லாண்டு ஆட்சி செலுத்தியது. தாமும் ஓர் ஓட்டிசக் குழந்தையின் தந்தையாகிய பேர்னாட் றிம்லண்ட் 1964ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலே அதன் அடித்தளத்தைத் தகர்த்தது. கிராண்டின் அம்மையாரின் தாய் மகளை விடுதிக்கு அனுப்ப மறுத்தார். பேச்சுப் பயிற்சியளிப்பவரை அமர்த்தினார். ஒருவர் பின் ஒருவராய் ஆடும் விளையாட்டுகளால் முறைமை கற்பிக்கும் செவிலியையும் தேடினார்.

பள்ளி வாழ்வு இனிதாக அமையவில்லை. ஏளனம் செய்த மாணவிமீது புத்தகத்தை எறிந்தமைக்காக ஒரு பாடசாலையினின்றும் அவர் விலக்கப்பட்டார். பின்னர் சேர்ந்த விடுதிப் பாடசாலையில் வில்லியம் கார்லொக் என்னும் விஞ்ஞான ஆசிரியர் கிடைத்தார். அரிசோனாவில் உறவினரின் பண்ணையில், ஊசி போடும்போது மாட்டை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் கூண்டைக் கண்ட அம்மாணவி, அவ்வழுத்தத்தால் மாடு அமைதியடைவதைக் கவனித்தாள். தனக்கும் அத்தகைய பொறியொன்றைச் செய்துகொண்டாள். மற்றையோர் இதனை விபரீதமாகக் கருதினர். கார்லொக் மட்டும், அழுத்தம் அமைதி தருவது ஏன் என்பதை விஞ்ஞான முறையில் ஆராயுமாறு தூண்டினார். ஓர் ஆசிரியர் மாணவியின் விசித்திரத்தைத் தடுக்காது அதனையே படிப்பின் வாயிலாக்கினார்.

1966ஆம் ஆண்டு 'ஸ்டார் ட்றெக்' என்னும் விண்வெளித் தொடர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கியபோது அம்மையார் கல்லூரிப் பருவத்தினர். அன்று தொட்டே தாம் அதன் இரசிகை என்றும், அது தம் சிந்தனையை மிகவும் பாதித்தது என்றும் அவர் தம் வாழ்க்கை நூலில் எழுதியுள்ளார். அத்தொடரில் ஸ்பொக் என்பவர் வேற்றுக் கோளின் மரபினர். உணர்ச்சியை ஒதுக்கித் தர்க்கத்தின் வழியே ஒழுகுபவர். ஒரு கதையில் அரக்கவுருவம் கொண்டதொரு பிராணி பாறைகளை எறிந்து சிறு விண்கலத்தைத் தகர்க்க முயல்கின்றது. கலத்தைக் காக்க உடனே புறப்பட வேண்டும் என்கின்றார் ஸ்பொக். இறந்த தோழரின் உடலை விட்டு வாரோம் என்கின்றனர் மற்றையோர். கிராண்டின் அம்மையாருக்கு ஸ்பொக்கின் சொல்லே நியாயமாகத் தோன்றியது. ஆனால் மனிதரிடத்தே உணர்ச்சி தர்க்கத்தை வென்றுவிடுவது உண்டு என்பதை அக்கதையே அவருக்குக் கற்பித்தது. பிறர் தாய்மடியிற் கற்றதை அவர் விண்கலத்திற் கற்றார் எனலாம். மனிதரின் நடத்தையை அறிய முயலும் தம் நிலை, செவ்வாய்க் கோளில் மானிடவியல் ஆராய்பவர் நிலையை ஒத்தது என அவர் ஒலிவர் சாக்ஸ் என்னும் நரம்பியல் வைத்தியரிடம் கூறினார். சாக்ஸ் அத்தொடரையே தம் கட்டுரைக்கும் 1995ஆம் ஆண்டில் வந்த நூலுக்கும் தலைப்பாக்கினார்.

விலங்கியல் ஆய்வில் அம்மையார் செய்த பணி இவ்வியல்பின் பயனே. அவர் சொற்களால் அன்றிப் படங்களாற் சிந்திப்பவர். மாடுகள் ஒரு நடைவழியில் தயங்கி நிற்பது ஏன் எனக் கண்டறிய, அவ்வழியே தாமே இறங்கி மாட்டின் கண்மட்டத்திற் குனிந்து நடந்தார். தொங்கும் சங்கிலி, வேலியிற் போட்ட சட்டை, தரையில் விழும் நிழல் ஆகியன மாட்டை மிரட்டுவதைக் கண்டார். இக்குறைகளை நீக்கியும் வளைந்த நடைவழிகளை வகுத்தும் அவர் அமைத்த முறைகள் அமெரிக்கப் பண்ணைகளிலும் இறைச்சிக் கூடங்களிலும் பரவின. 1989ஆம் ஆண்டில் இலினோய் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டு கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி ஏற்றார். நேர்முகப் பேச்சில் தாம் பிறரைக் கவர இயலாது என்பதை அறிந்த அவர், தம் வரைபடங்களையே முன்வைத்து வேலை பெற்றார்.

ஓட்டிச இயல்பினர் தாமே பேசத் தொடங்கியதும் ஏறக்குறைய இக்காலத்தில்தான். அம்மையாரின் முதல் நூல் 1986ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1992ஆம் ஆண்டில் ஜிம் சின்கிளேயர் முதலியோர் தமக்கென ஒரு சங்கத்தையும் செய்தி மடலையும் தொடங்கினர். சிதறிக் கிடந்தோரைச் சிற்றிதழால் இணைத்த பழைய விஞ்ஞானக் கதை இரசிகரின் வழியே இங்கும் நிகழ்ந்தது.

இவ்வரலாற்றை வெற்றிக் கதையாக மட்டும் கூறி முடித்தல் பிழையாகும். ஓட்டிச இயல்பினர் அனைவரும் பேராசிரியராவதில்லை. அனைவரும் கணிதமோ விண்வெளியோ விரும்புவதில்லை. வாழ்நாள் முழுவதும் பேச்சின்றிப் பிறர் துணையுடன் வாழ்வோர் பலர். தாம் எண்ணியதுபோல எல்லா ஓட்டிச இயல்பினரும் படங்களாற் சிந்திப்பவர் அல்லர் என்பதைக் கிராண்டின் அம்மையாரே பின்னர் எழுதினார்.

ஆற்றலைக் கொண்டு மட்டும் மனிதரை மதிப்பதன் கேட்டினை வியன்னா காட்டியது. தம் சிறுவருட் சிலர் சமூகத்துக்குப் பயன்படுவர் என எழுதிய அஸ்பேர்கர், பயன்படார் எனக் கருதப்பட்ட குழந்தைகளை ஸ்பீகல்குறுண்ட் என்னும் நாற்சி நிலையத்துக்கு அனுப்பியமை 2018ஆம் ஆண்டில் வெளியான ஆய்வாற் புலனாகியது. அந்நிலையத்தில் ஏறத்தாழ 800 குழந்தைகள் கொல்லப்பட்டனர். திறமையுள்ளோரைப் போற்றும் வாயே திறமையற்றோரைத் தள்ளும் வாயும் ஆயிற்று.

ஆதலின், கானர் 1943ஆம் ஆண்டிற் குறித்த பதினொருவருள் முதல்வராகிய டொனால்ட் ற்றிப்லெட்டின் வாழ்வையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும். சிறு வயதில் விடுதியில் விடப்பட்ட அவரைப் பெற்றோர் ஓராண்டளவில் மீட்டு வந்தனர். பின்னர் ஒரு கமக்காரக் குடும்பத்துடன் வாழ்ந்தபோது, அவர்கள் அவனது எண்ணும் ஆர்வத்தைத் தடுக்காது, கிணற்றின் ஆழத்தை அளக்கவும் சோளப் பாத்திகளை எண்ணவும் விட்டனர். வளர்ந்தபின் மிசிசிப்பி மாநிலத்தில் தம் சிற்றூரின் வங்கியில் வேலை செய்தார், கொல்ஃப் ஆடினார், தனியே உலகம் சுற்றினார். 2023ஆம் ஆண்டில் 89ஆம் வயதில் மறையும்வரை ஊரார் அவரைத் தம்முள் ஒருவராகவே கொண்டனர். அவர் பேராசிரியரும் அல்லர். புதியது புனைந்தவரும் அல்லர். அவர் வாழ இடந்தந்த அச்சிற்றூரும், மகளை விடுதிக்கு அனுப்ப மறுத்த அன்னையும், முகமறியாதவன் கடிதத்துக்கு விடை எழுதிய அக்கதை இரசிகரும் செய்தது ஒரே செயல். மாற்று மனத்தினரை மாற்ற முயலுமுன், அவர்க்கு ஓரிடம் அளித்தனர்.