கரிசல் காடும் கொடிமுந்திரியும்

அருப்புக்கோட்டையின் மளிகைக் கடைகளில் கிஸ்மிஸ் கிடைப்பதற்குக் குறைவில்லை. ஆயினும் அவ்வூரிலிருந்து திருச்சுழி வரை பரந்து கிடக்கும் கரிசல் காட்டில் திராட்சைப் பந்தலைக் காண்பது அரிது. பருத்தியும் கம்பும் சோளமும் மல்லியுமே அம்மண் அறிந்த பயிர்கள். திருக்குர்ஆன் பேரீச்சையோடு இணைத்துப் பலவிடங்களில் குறிப்பிடும் இக்கனி, மேற்கே நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் செழிக்கிறது. இங்கே ஏன் செழிக்கவில்லை? வறட்சியே காரணம் என்பது பாதி விடைதான்.

தமிழில் இதன் பழைய பெயர் கொடிமுந்திரி. போர்த்துக்கீசியர் கொணர்ந்த மரத்துக்கு முந்திரி என்னும் பெயரை வழங்கிவிட்டு, கொடிக்கு வடமொழித் திராட்சையையும் வற்றலுக்குப் பாரசீகக் கிஸ்மிஸையும் கடன் வாங்கிக்கொண்டோம்!

திராட்சை வேண்டுவது வறண்ட காற்று. ஆனால் வேருக்கு அளவான ஈரம். மக்காவின் மொட்டைக் குன்றுகளில் விளையாத அது, உயர்ந்த தாயிஃபில் விளைந்தது. கல்லடிபட்டு வந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு நீனவா ஊரைச் சேர்ந்த அத்தாஸ் ஏந்தி வந்தது அத்தகைய தோட்டத்துக் குலையைத்தான்.

இந்தியாவிலோ குளிர் இல்லாததே குறையாகக் கருதப்பட்டது. இந்நாட்டில் திராட்சை இல்லையென்று குறைப்பட்ட பாபர், ஆக்ராவில் தாமே கொடி நட்டுப் பழம் கண்டு மகிழ்ந்தார். அவருக்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் முன்பே, பின்னாளில் மதுரை சுல்தானின் அவைக்கும் வந்த இப்னு பதூதா, தௌலதாபாத்தில் திராட்சை ஆண்டுக்கு இருமுறை காய்ப்பதாக எழுதினார். இக்குறிப்பு நம் கவனத்துக்குரியது. குளிர்நாட்டில் பனிக்காலத்தே இலையுதிர்த்து உறங்கும் கொடி, வெப்பநாட்டில் உறங்குவதில்லை. கவாத்துக் கத்தி பட்டவுடன் மீண்டும் துளிர்க்கிறது. தெற்கின் திராட்சை வேளாண்மை முழுவதும் இந்த ஒரு நுட்பத்தின்மேல் நிற்கிறது.

கம்பத்தின் பன்னீர்த் திராட்சை, 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியாரால் தமிழகத்துக்கு வந்ததாகச் சொல்லப்படுகிறது. 2023இல் அது புவிசார் குறியீடு பெற்றது. அங்கே ஈராண்டில் ஐந்து அறுவடை வரை எடுக்கிறார்கள். 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை, மேற்கே ஓடிய நீரைச் சுரங்கவழி கிழக்கே திருப்பியதால் அப்பள்ளத்தாக்கு பெற்ற வளத்தை இதனோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

மறுபுறம், மராட்டியத்தின் தாஸ்காவ் நம் அருப்புக்கோட்டையைப் போன்றே மழை மறைவுப் பகுதி. அங்கே சொட்டுநீர் பாய்ச்சி, உவரைத் தாங்கும் டாக்ரிட்ஜ் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டி விளைவித்து, அவ்வறண்ட காற்றிலேயே நிழலில் உலர்த்திக் கிஸ்மிஸ் ஆக்குகிறார்கள். ஆகவே வறண்ட வானம் பகையன்று. நீர் தேங்கும் கரிசலும், ஐப்பசி கார்த்திகையில் மொத்தமாகக் கொட்டி ஓயும் மழையும், கோடையில் வற்றும் கிணறுமே இங்குள்ள தடைகள். இவற்றைக் கணக்கிலெடாமல் கடன் வாங்கிப் பந்தல் போடுவதை நாம் பரிந்துரைக்க மாட்டோம்.

பயனைப் பற்றியும் ஒரு சொல். உலர்திராட்சையை நீரில் ஊறவைத்து, போதையேறுமுன் பருகும் நபீத் நபிகளார் காலத்து வழக்கம். காடியும் அவர்கள் விரும்பிய தொடுகறி. பழத்தோலிலுள்ள ரெஸ்வெரட்ரால் நோய்களை விரட்டும் என்னும் பேச்சு மனிதரிடத்தே இன்னும் உறுதிப்படவில்லை. ஆனால் 100 கிராம் பழத்தில் ஏறத்தாழ 15 கிராம் சர்க்கரை என்பதும், கிஸ்மிஸில் அது 60 கிராமையும் தாண்டும் என்பதும் உறுதி. நீரிழிவுள்ளோர் கைப்பிடி அளவை எண்ணியே உண்ணட்டும்.

குண்டாற்றங்கரையில் அமைந்தது திருச்சுழி. காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக் கால்வாய்க்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அந்நீர் வந்து சேருமாயின் திராட்சைக் கணக்கை மறுபடியும் போட்டுப் பார்க்கலாம். இன்றைய நிலையில் அம்மண்ணுக்குப் பொருந்தும் பழமரம், அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையமே வெளியிட்ட ஏ.பி.கே. 1 சீத்தா.