மறுகால்தலைக் கற்படுக்கை

தாமிரபரணிக் கரைச் சீவலப்பேரியை அடுத்த மறுகால்தலையில் சமண முனிவர் உறைந்த குகைத்தளம் ஒன்று உள்ளது. அங்குள்ள கற்படுக்கையை அமைத்துக் கொடுத்தவர் வெண்காசிபன் என, 2000 ஆண்டுகள் கடந்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒரே வரியில் உரைக்கிறது. அவர்தம் ஊரோ, தொழிலோ, மக்களோ அதில் குறிக்கப்படவில்லை. சாவகர்க்குரிய நால்வகைத் தானங்களுள் ஒன்றாகிய உறையுள் தானமே அவர் பெயரை இன்றளவும் காத்து நிற்கிறது.

பின்னாளில், கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளில், பழைய நெல்லைச் சீமையின் கழுகுமலையிலும் இம்மரபு தொடர்ந்தது. தீர்த்தங்கரர் திருமேனிகளைச் செய்வித்தோரின் பெயர்கள் அவற்றின் கீழ் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டன. பிறர் பொருட்டுச் செய்வித்த திருமேனிகளும் அங்கு உள.

இல்லத்துப் பெரியவர் மறைந்தபின், அவர் முகமும் குரலும் அறிந்தோர் இரண்டு தலைமுறைகளில் இலராவர். அவர் பெயரால் ஓர் அறம் செய்து, அதனை எழுதியும் வைத்தல் வழித்தோன்றல்களின் கடன்.