வார்னிஷ் சொல்லும் சாட்சி

மாண்டலின் என்றதும் நமக்கு 2014-ல் மறைந்த யு.ஸ்ரீநிவாஸ் ஞாபகம்தான் வரும். அவர் மடியில் இருந்தது எலெக்ட்ரிக் மாண்டலின். அதற்கு முந்தைய மாண்டலின்கள் வேறு ரகம். வயலின் போல வயிறு குடைந்த மரம், மேலே வார்னிஷ். அப்படியொன்று கோட்டாற்றில் உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுக்காகத்தான் இருக்கும். உடனே கம்போளத்துக்கு ஓடி உப்புத்தாளும் வார்னிஷும் வாங்கி வந்துவிடாதீர்கள்!

பத்மநாபபுரம் அரண்மனையின் கறுப்புத் தரையைப் பார்த்திருப்பீர்கள். முகம் தெரியும். அதைப் பெயர்த்துவிட்டு கிரானைட் போட்டாலும் பளபளக்கத்தான் செய்யும். பார்க்க யார் வருவார்கள்? வாத்தியமும் அப்படித்தான். மறுபூச்சு என்று தெரிந்தால் விலை ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பது அந்த வியாபாரத்தின் பொதுக் கணக்கு. விலையை விடுங்கள், கூடவே சரித்திரமும் போய்விடுகிறதே!

அசலா, மறுபூச்சா? எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில், தந்திகளின் அடிமுனையை மூடியிருக்கும் தகட்டைக் கழற்றுங்கள். அதன் அடியில் வெயில் பட்டிருக்காது. நிறம் வெளுக்காமல் இருக்க வேண்டும். உள்ளேயும் வெளியேயும் ஒரே நிறம் என்றால் சந்தேகப்படுங்கள். அடுத்து, அடிபட்ட பள்ளங்களைப் பாருங்கள். அடி விழுந்தால் வார்னிஷும் நொறுங்கும். பள்ளத்துக்குள்ளும் பூச்சு வழவழவென்று இருந்தால், அடிக்குப் பிறகு பூசியது. மர விளிம்புகள் மழுங்கியிருந்தால் உப்புத்தாள் வேலை. ஒலித்துளை வழியாகத் தெரியும் லேபிளில் சாயத் துளி இருந்தாலும் கதை கந்தல். கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கைக் காட்டினால், பழைய பூச்சும் புதுப் பூச்சும் வேறு வேறாக ஒளிரும். ஒரே அடையாளத்தை வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது. எல்லாச் சாட்சியையும் விசாரிக்க வேண்டும்.

இதற்கு ஒரு பெரிய மனிதரின் கதை உண்டு. அமெரிக்காவில் கிப்ஸன் கம்பெனியில் லாயிட் லோர் என்பவர், 1922 முதல் 1924 வரை எஃப்-5 மாண்டலின்களில் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டார். 1923 ஜூலை 9 தேதியிட்ட ஒன்று, இருபது வருஷம் கழித்து மயாமியில் ஒரு சலூன் ஜன்னலில் விற்பனைக்குக் கிடந்தது. 150 டாலருக்கு வாங்கியவர் பில் மன்ரோ. 'புளூகிராஸ்' சங்கீதத்தின் தகப்பனார்!

1950-களின் தொடக்கத்தில் அதை ரிப்பேருக்கு கம்பெனிக்கே அனுப்பினார். கேட்ட வேலை முழுசாக நடக்கவில்லை. மனிதருக்கு வந்ததே கோபம்... பேனாக்கத்தியை எடுத்து, மாண்டலினின் தலையில் பதித்திருந்த கம்பெனி பெயரைச் சுரண்டி எறிந்துவிட்டார். அந்தத் தழும்போடுதான் சுமார் முப்பது வருஷம் மேடையேறினார். 1980-ல் சமாதானம். கம்பெனி பெயரை மறுபடி பதித்துக் கொடுத்தது. 1985-ல் யாரோ வீடு புகுந்து மாண்டலினை அடித்து நொறுக்க, சில்லு சில்லாகப் பொறுக்கி ஒட்டி உயிர் கொடுத்தார்கள்.

ஆக, உலகப் புகழ்பெற்ற அந்த மாண்டலினே முழு அசல் இல்லை! கோபம் தீர்ந்தது நல்லதுதான். ஆனால், அந்தக் கோபத்தின் தழும்பு இனி அந்த மாண்டலினில் இல்லை. ரிப்பேர் பண்ணலாம், தப்பில்லை. எதைச் சரிசெய்கிறோம், எதை அழிக்கிறோம் என்று தெரிந்து பண்ணுங்கள். ஒருமுறை தேய்த்த பூச்சு திரும்பி வராது.