ஆனிகட் காத்துவைத்த அணை

ஆற்றின் குறுக்கே நின்று நீரை மறிக்கும் கட்டுமானத்தைச் சொல்ல ஆங்கிலத்துக்கு வாய்த்த சொற்களில் இரண்டை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று டாம்; ஜெர்மானியக் குடும்பத்துச் சொல், ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம் என்னும் ஊர்ப்பெயர்களின் ஈற்றில் இருப்பதும் அதுதான். மற்றொன்று ஆனிகட். இது நம்முடைய அணைக்கட்டு. 1886-இல் வெளிவந்த யூல், பர்னல் இருவரின் ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இதைத் தமிழ்த் தொகைச்சொல் என்றே பதிந்திருக்கிறது. ஆங்கிலத்துக்குப் போன தமிழ்ச் சொற்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் கட்டுமரத்தோடும் மிளகுத்தண்ணியோடும் நின்றுவிடுகிறார்கள். அவற்றைவிட ஆனிகட் கவனிக்கத்தக்கது. அணை என்பதற்குத் தமிழில் முன்பிருந்து இன்று மங்கிவிட்ட பொருளை அந்த இரவல் சொல் இன்னமும் வைத்திருக்கிறது என்பதே என் வாதம். சான்றுக்கு வைகைக் கரையை விட்டு வெகுதூரம் போக வேண்டியதில்லை.

ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணை 71 அடிவரை நீரைத் தேக்குவது. அதற்குக் கீழே, மதுரைக்கு மேற்கே, நிலக்கோட்டை வட்டத்தில் பேரணை இருக்கிறது. அருகிலேயே அணைப்பட்டி என்று ஓர் ஊர். இன்று அங்கே நிற்பது பெரியாற்றுத் திட்டத்தையொட்டி மதகுகளுடன் அமைக்கப்பட்டது. பெயர் மட்டும் அதற்கு முன்பிருந்த அணையுடையது. பேரணையில் தேக்கம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஆற்றின் நீர்மட்டத்தை வேண்டிய அளவு ஏற்றி, நீரைப் பெரியாறு பிரதானக் கால்வாய்க்குள் திருப்பிவிடுவதே அதன் வேலை. பேரணை முதல் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகம், அதைத் தாண்டி மேலூர்ப் பகுதியில் 85,563 ஏக்கர் ஒருபோகம் என்று தண்ணீர் திறக்கும்போதெல்லாம் அறிவிக்கிறார்களே, அந்தப் பாசனம் முழுக்க இந்தத் திருப்பத்திலிருந்து தொடங்குகிறது. ஒரு துளியையும் சேமித்து வைக்காத கட்டுமானத்துக்கு நம் முன்னோர் பேரணை என்று பெயர் வைத்தார்கள். சோழவந்தான் பக்கம் அதே ஆற்றில் இருப்பது சித்தணை, அதாவது சிற்றணை. ஆக, பெரிது சிறிது என்று அவர்கள் பிரித்தபோது தேக்கிய நீரின் அளவு கணக்கிலேயே இல்லை.

அப்படியானால் தேக்கி வைப்பதை அவர்கள் எப்படிச் சொன்னார்கள்? மதுரைச் சமவெளி முழுவதும் கண்மாய்கள். கண்மாய் நீரைத் தாங்கி நிற்பது கரை. நீரை வயலுக்கு விடுவது மடை. நிறைந்ததை வெளியேற்றுவது கலுங்கு. கலுங்கு தாண்டிப் போவது மறுகால். இத்தனை சொற்களுக்கு நடுவே அணை தலைகாட்டவில்லை. எவ்வளவு நீளமான கண்மாய்க் கரையையும் அணை என்று இங்கே யாரும் சொல்வதில்லை. மணலையும் தழையையும் கொண்டு ஆற்றில் தற்காலிகமாகப் போடுவதற்கும் கொரம்பு என்று தனிப்பெயர் இருந்தது. தேக்குவதற்குக் கரை, திருப்புவதற்கு அணை என்னும் இந்தப் பாகுபாடு, இரண்டு வேலைகளையும் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தவர்கள் மொழியில் தானாக விழுந்தது.

மதராஸ் மாகாணப் பொறியாளர்கள் எடுத்துப்போனது இந்தப் பாகுபாட்டோடு கூடிய சொல்லைத்தான். கல்லணையை அவர்கள் கிராண்ட் ஆனிகட் என்றார்கள். 1836-இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் தொடங்கிய மேலணையும் கீழணையும் ஆனிகட்டுகளே. கோதாவரியில் தவளேஸ்வரத்தில் அவர் கட்டியதும் ஆனிகட்டே. எல்லாம் நீரை உயர்த்தித் திருப்பி, மிஞ்சியதைத் தம்மேல் வழியவிடுபவை. ஆனால் 1887-இல் தொடங்கி 1895-இல் பென்னிகுயிக் முடித்துத் தந்தது, மேற்கே ஓடிய பெரியாற்றை மலைக்காட்டில் தேக்கிச் சுரங்கம் வழியே வைகைப் பக்கம் அனுப்புவது. அதை ஆனிகட் என்று அவர்கள் எழுதவில்லை. பெரியாறு டாம் என்றார்கள். அதே மதராஸ் மாகாணப் பொறியாளர்கள், அதே அலுவலக மொழி. பொருள் மாறியதும் சொல்லை மாற்றினார்கள். தமிழில் நடந்ததோ வேறு. முல்லைப் பெரியாறு, 1934-இல் மேட்டூர், பிறகு வைகை என்று வரிசையாக வந்த பெருந்தேக்கங்கள் எல்லாம் அணை என்னும் பெயரையே பெற்றன. நீர்த்தேக்கம் என்ற நல்ல சொல் அரசுப் பலகைகளோடு நின்றுவிட்டது. இன்று அணை என்றதும் உயர்ந்த சுவரும் அதன் பின்னால் பரந்த நீருமே மனத்தில் எழுகின்றன.

இதற்கு மறுப்புகள் வரும். ஆனிகட்டுக்கு மூலம் தெலுங்கின் ஆனகட்டவாகவோ கன்னடத்தின் அணெகட்டுவாகவோ ஏன் இருக்கக்கூடாது என்று கேட்கலாம். இவை ஓரினச் சொற்கள்தான், மறுக்கவில்லை. ஆயினும் ஹாப்சன்-ஜாப்சன் தரும் முதல் மேற்கோள் தஞ்சாவூர் விவகாரம் பற்றிய 1776-ஆம் ஆண்டுக் கடிதம். கோதாவரி வேலை தொடங்கியது 1847-இல். சொல் காவிரிக் கரையில் ஏறியது என்பதற்கு இந்த எழுபது ஆண்டு இடைவெளி போதும். இன்னொரு மறுப்பு சற்றுக் கடினமானது. சேதுவையும் திருவணை என்கிறோம். அது நீரைத் திருப்பவில்லையே! உண்மைதான். ஆனால் அது தேக்கவும் இல்லை. அணைதல் என்பதன் அடிப்படை நெருங்குதல், தொடுதல், சார்தல். தழுவுவதும், தலை சாய்க்கும் தலையணையும் அந்த வேரிலிருந்து வந்தவையே. நீரில் ஒன்றையொன்று சார்ந்து கிடக்கும் கல்வரிசை என்பதே பழைய பொருளாக இருந்தால், சேதுவும் பேரணையும் ஒரே பெயருக்குள் இயல்பாக அடங்குகின்றன. வைகை அணைதான் பின்னால் வந்து சேர்ந்த விருந்தாளி. ராஜஸ்தானில் இன்று ஆனிகட் என்றால் ஓடையில் நீரைத் தேக்கும் சிறு கட்டுமானம். இரவல் சொல்லும் மாறத்தானே செய்கிறது என்பார்கள். மாறியிருக்கிறது. அங்கே ஆண்டு முழுதும் ஓடி வயலுக்குத் திருப்பத்தக்க ஆறுகள் குறைவு. ஆனாலும் வெள்ளம் மேலே வழியும் தாழ்ந்த கட்டுமானம் என்ற உருவம் அங்கும் மாறவில்லை.

பொருள் விரிவதால் மொழிக்கு என்ன நட்டம் என்ற கேள்வியைத்தான் நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். நட்டம் உண்டு. கல்லணையை மேட்டூருக்கு மூத்த அண்ணன் என்பதுபோல் பாடப்புத்தக நடையில் புகழும்போது, அதன் உண்மையான திறம் கண்ணிலிருந்து மறைகிறது. மணற்படுகையின்மேல் கல்லை நிலைக்கச் செய்து, வெள்ளத்தோடு மோதாமல் அதன் திசையை மட்டும் மாற்றிய நுட்பம் அது. காட்டனே அதிலிருந்து கற்றுக்கொண்டார். பழைய பொருள் கைநழுவியதால்தான், சிறு குறுக்குக் கட்டுமானம் ஒன்றைச் சொல்ல இன்று தடுப்பணை என்று அணைக்கு முன்னால் தடுப்பையும் ஒட்டவேண்டி வந்தது. விரகனூரில் வைகையின் குறுக்கே கட்டியதற்கு வழங்கும் மதகணை என்ற பெயர் எவ்வளவோ மேல். அதில் அணை தன் பழைய வேலையைச் செய்கிறது, மதகு எப்படி என்பதைச் சொல்கிறது. பெருந்தேக்கங்களை இனி அணை என்று சொல்லாதீர்கள் என்று யாரிடமும் கேட்க முடியாது, அந்த வழக்கு வேரூன்றிவிட்டது. நம் அகராதிகளும் பாடநூல்களும் அணைக்கு இரண்டு பொருள்களைத் தனித்தனியே எண்ணிட்டு, திருப்புவதை முதலிலும் தேக்குவதை இரண்டாவதாகவும் வைத்து, முதற்பொருளுக்குப் பேரணையையும் கல்லணையையும் எடுத்துக்காட்டாகத் தரலாம்.