எண்ணி வந்தவரும் நினைவில் ஏந்தி வந்தவரும்

1802இல் பரங்கிமலை அருகே தொடங்கிய இந்தியாவின் பெரும் நில அளவை, இமயமலையை எட்டியதும் முட்டி நின்றது. மலைக்கு அப்பால் திபெத், வெளிநாட்டாரை உள்ளே விடவில்லை. அங்கே கிழக்கு நோக்கி ஓடும் சாங்போ ஆறுதான் அஸ்ஸாமில் பிரம்மபுத்திராவாக இறங்குகிறதா என்ற கேள்விக்கும் விடை கிடைக்கவில்லை. வெள்ளை அதிகாரிகள் போக முடியாத அந்த நாட்டுக்கு மலைநாட்டு மக்களே மாறுவேடத்தில் அனுப்பப்பட்டார்கள். அவர்களில் இருவர் நைன் சிங், கிந்துப். முன்னவர் குமாவூன் மலைப்பகுதியின் மிலம் கிராமத்துப் பள்ளி ஆசிரியர். பின்னவர் சிக்கிமைச் சேர்ந்தவர். டார்ஜிலிங்கில் தையல் வேலை செய்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். எழுத்தறிவு என்ற இந்த ஒரு வேறுபாடுதான் இருவரின் பயணத்தையும் புகழையும் வெவ்வேறு திசைக்குக் கொண்டுபோனது.

நைன் சிங்குக்கு டேராடூனில் முறையான பயிற்சி கிடைத்தது. மேடானாலும் பள்ளமானாலும் ஒரே அளவில் கால் வைத்து, மைலுக்கு 2,000 எட்டுகள் நடக்கப் பழகினார். கையிலிருந்த ஜெபமாலையில் வழக்கமான 108 மணிகளுக்குப் பதில் 100 மணிகள். நூறு எட்டுக்கு ஒரு மணி தள்ளுவார். மாலை ஒரு சுற்று முடிந்தால் ஐந்து மைல். குறிப்புகள் ஜெபச்சக்கரத்துக்குள் ஒளிந்திருந்தன. சோழிகளுக்குள் அடைத்து வைத்த பாதரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றி, அதன் சமதளத்தைக் கொண்டு நட்சத்திர உயரத்தை அளந்தார். 1866 ஜனவரியில் லாசாவை அடைந்து, அது இருக்கும் இடத்தையும் உயரத்தையும் கணித்தார்.

கிந்துப்பிடம் இத்தகைய கருவிகள் இல்லை. 1880இல் ஒரு லாமாவின் துணையாளாக அனுப்பப்பட்டார். அடையாளமிட்ட மரக்கட்டைகளைச் சாங்போவில் விட வேண்டும். கீழே அஸ்ஸாமில் ஆட்கள் பார்த்திருப்பார்கள். அவை அங்கே மிதந்து வந்தால் இரண்டும் ஒரே ஆறு. திட்டத்தை வகுத்தவர் நில அளவை அதிகாரி ஹார்மன்.

இருவருக்கும் வழியில் நெருக்கடி வந்தது. கைப்பணம் தீர்ந்தபோது நைன் சிங் வணிகர்களுக்குக் கணக்கு வைக்கக் கற்றுக்கொடுத்துச் சமாளித்தார். கிந்துப்பை அந்த லாமாவே அடிமையாக விற்றுவிட்டுப் போய்விட்டான். தப்பியோடிய கிந்துப் ஒரு மடத்தில் அடைக்கலம் புகுந்தார். மடத்தலைவர் விலை கொடுத்து மீட்டதால் அங்கேயே ஊழியம் செய்தார். யாத்திரைக்கென்று விடுப்புக் கேட்டுப் போய் 500 கட்டைகளை வெட்டி ஒளித்து வைத்தார். பிறகு லாசாவுக்கு நடந்து, நாளுக்கு 50 வீதம் எந்தெந்த நாட்களில் ஆற்றில் விடுவேன் என்று வேறொருவரைக் கொண்டு கடிதம் எழுதி அனுப்பினார். சொன்னபடியே விட்டார். கடிதம் ஹார்மனுக்குப் போய்ச் சேரவில்லை. அதற்குள் அவர் இந்தியாவை விட்டே போயிருந்தார். 500 கட்டைகளையும் பார்க்கக் கரையில் ஒருவரும் இல்லை.

நைன் சிங் கொண்டுவந்தவை எண்கள். அவற்றைச் சரிபார்க்க முடிந்தது. 1877இல் லண்டன் ராயல் புவியியல் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. 1884இல் திரும்பிய கிந்துப் கொண்டுவந்தது நினைவு மட்டுமே. அவர் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதினார். பலர் அதை நம்பவில்லை. 1913இல் பிரிட்டிஷ் அதிகாரிகளான பெய்லியும் மோர்ஸ்ஹெட்டும் அதே பள்ளத்தாக்கில் நடந்தபோதுதான் அவர் சொன்ன பாதை பெரும்பாலும் சரி என்று தெரிந்தது. பேமாகோசுங் என்ற இடத்தில் ஆறு 150 அடி உயரத்திலிருந்து விழுவதாக அவர் சொல்லி எழுதப்பட்ட அறிக்கையில் இருந்தது. பெய்லி கண்டது சுமார் 30 அடி. கியாலா என்ற ஊரில் இருந்த ஓர் ஓடையின் அருவியையும் சாங்போவின் அருவியையும் எழுத்தில் ஒன்றாக்கிவிட்டார்கள். அறிக்கையைப் படிக்கத் தெரியாததால் கிந்துப்பால் அதைத் திருத்த முடியவில்லை. பெய்லியின் முயற்சியால் முதுமையில் அவருக்கு 1,000 ரூபாய் கிடைத்தது, ஓய்வூதியம் கிடைக்கவில்லை.

வரைபடத்துக்கு நைன் சிங்கின் பணியே பெரியது, அதில் ஐயமில்லை. ஆனால் நம்பகத்தில் கிந்துப் ஒரு படியும் குறைந்தவரல்லர். தட்டிக்கேட்க ஆளில்லாத காட்டில், அடிமையாக இருந்துகொண்டே ஏற்ற வேலையை முடித்தவர் அவர். பிழை அவர் நினைவில் இல்லை, பதிவு செய்தவர்களிடம் இருந்தது. எழுதத் தெரியாதவரின் வாக்குமூலத்தை எழுதுகிறவருக்குப் பொறுப்பு இரட்டிப்பு: எழுதியதை அவருக்கே ஒருமுறை படித்துக் காட்டியிருந்தால் அருவிக் குழப்பம் அன்றைக்கே தீர்ந்திருக்கும்.