எழுதும் கையும் வாசிக்கும் கண்ணும்

பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதிய நம் முன்னோர் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடுதல் அரிது. குத்தினால் ஓலை பொத்தல்படும். காலுக்கும் ரகரத்துக்கும் ஒரே வடிவம் வழங்கிற்று. எகர ஏகார வேறுபாடும் ஏட்டில் தோன்றாது. ஆயினும், திண்ணைப் பள்ளியில் அவ்வெழுத்தையே எழுதிப் பழகியவர்கள் இடம்நோக்கித் தடையின்றி வாசித்தனர். அவ்வெழுத்திலே தேர்ந்தவர் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. செல்லரித்த ஏடுகளை ஒப்புநோக்கி, 1887இல் கலித்தொகையை அச்சேற்றியவர் அவரே.

அச்சுப் பரவியபின் ஓலையில் எழுதும் கை ஓய்ந்தது. சில தலைமுறைக்குள் அதனை வாசிக்கும் கண்ணும் அருகிற்று. இன்று ஏடு வாசிப்பதற்குத் தனிப்பயிற்சி வேண்டியிருக்கிறது.

கடதாசியிற் கையால் எழுதும் எழுத்துக்கும் இந்நிலை நேருமோ என்னும் ஐயம், கணினியும் கைத்தொலைபேசியும் பெருகிய இக்காலத்தில் எழுகின்றது. அமெரிக்காவில் 2010இல் வெளியான பொதுக் கல்வித் தராதரங்களில் ஆங்கிலக் கூட்டெழுத்து இடம்பெறவில்லை. பின்லாந்து 2016இல் அதன் கட்டாயத்தை நீக்கிற்று. கலிபோர்னியாவோ 2023இல் சட்டமியற்றி, அதனைத் தொடக்க வகுப்புகளுக்கு மீட்டுக்கொண்டது.

நம் இல்லங்களின் பெட்டகங்களிலும் நொத்தாரிசு கைப்பட எழுதிய காணி உறுதிகள் உள. பாட்டனார் விரைந்து எழுதிய கடிதங்கள் உள. அச்செழுத்தை மட்டுமே கண்டு வளரும் பேரப்பிள்ளைக்கு அவை நாளை ஓலைச்சுவடியாகவே தோன்றும். நாள்தோறும் ஒரு பக்கமேனும் கையால் எழுதும் பழக்கம் பள்ளியிலும் வீட்டிலும் நிலைக்குமாயின், அக்கடதாசிகளை வாசிப்பார் என்றும் இருப்பர்.