சின்னண்ணன் துறந்தது

இயேசுவிடம் வந்த செல்வந்தன் ஒருவனைப் பற்றி மாற்கு நற்செய்தியின் 10ஆம் அதிகாரம் சொல்கிறது. கட்டளைகளையெல்லாம் சிறுவயது முதல் கைக்கொண்டவன் அவன். உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தம் பின்னால் வரும்படி இயேசு சொன்னதும் வருத்தத்தோடு திரும்பிப் போகிறான். ஒட்டகமும் ஊசியின் காதும் வருவது இதை அடுத்துத்தான். ஊசியின் காது என்பது எருசலேமின் ஒரு சிறு வாயில் என்று விளக்கி, ஒட்டகத்தை எப்படியாவது நுழைத்துவிடப் பார்த்த உரைகாரர்களும் உண்டு. அப்படியொரு வாயில் இருந்ததற்குச் சான்றில்லை.

அவன் திரும்பிப் போகாதிருந்தால் என்ன ஆகியிருப்பான்? எங்கள் நைனார்பாளையத்திலிருந்து கல்வராயன் மலையைச் சுற்றிக்கொண்டு வடமேற்கே போனால் வரும் திருப்பத்தூரில் இதற்கு ஒரு விடை உண்டு. 1921இல் அங்கே கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கியவர்கள் இரு மருத்துவர்கள். ஒருவர் தமிழரான சவரிராயன் ஜேசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்துக்காரரான எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன். பேட்டன் குடும்பத்தின் செல்வம் அலோவா நகரில் கம்பளி நூல் ஆலைகள் ஈட்டித் தந்தது. ஆலை நூலில் வளர்ந்த பிள்ளை இங்கே வந்து கைந்நூல் கதர் உடுத்தினார். ஆசிரமத்தில் மணவாழ்க்கை இல்லை, சம்பளம் இல்லை, மரக்கறி உணவு. ஏழைகளுக்கு வைத்தியம் பார்ப்பதே முதன்மையான பணி.

பேட்டன் எல்லாவற்றையும் ஒரே நாளில் விற்றுத் தீர்த்தார் என்று சொல்ல முடியாது. குடும்ப வழியில் வந்த பணம் ஆசிரமத்துக்கே பயன்பட்டது. அவருடைய துறவை வேறோர் இடத்தில் காண வேண்டும் என்பது என் எண்ணம். ஜேசுதாசனைப் பெரியண்ணன் என்றும் பேட்டனைச் சின்னண்ணன் என்றும் ஊர் அழைத்தது. ஆங்கில ஆட்சி உச்சத்தில் இருந்த காலத்தில் வெள்ளையர் ஒருவர் தமிழருக்குத் தம்பி முறையில் வாழ்ந்தார்! மிஷன் நிறுவனங்களில் அன்று வெள்ளையரே மேலாளர், இந்தியர் உதவியாளர். மாற்குவின் அதே அதிகாரத்தில், செல்வந்தன் போன சற்று நேரத்தில், சீடர் இருவர் வலப்புறமும் இடப்புறமும் தமக்கு ஆசனம் கேட்கிறார்கள். பெரியவனாக விரும்புகிறவன் பணியாளாக வேண்டும் என்பது அவர்கள் பெற்ற விடை. பொருளாசையைப் பற்றிய போதனையை ஆசன ஆசையைப் பற்றிய போதனையிலிருந்து பிரித்து வாசிப்பதே நம் வழக்கம். திருப்பத்தூர் இரண்டையும் சேர்த்தே வாசித்தது எனலாம்.

ஆனால் பிறப்பு தந்த சலுகையை விற்றுவிட முடிவதில்லை. 1932இல் மதராசில் அந்நியத் துணி மறியல் நடந்த நாட்களில், கதருடையில் இருந்த பேட்டனைப் போலீசார் தாக்கினர். செய்தி பிரிட்டிஷ் பாராளுமன்றம் வரை போயிற்று. அந்நாட்களில் அடிபட்ட கதர்த் தொண்டர் எல்லோருக்கும் அந்த வாய்ப்புக் கிடைத்ததில்லை.